அலுங்கின் சுத்தப் பிரதி

ஒரு காட்டில், கரையான் புற்றுகளை நாக்கால் எண்ணுகிற எறும்புதின்னி அலுங்கு ஒருத்தி இருந்தாள். பெயர் செதிலாத்தா. உடம்பெல்லாம் செதில், வாயில் ஒரு பல் கிடையாது, நாக்கு மட்டும் முழ நீளம். அந்த நாக்கைப் புற்றுக்குள் விட்டு எடுத்தாளானால், உள்ளே கரையான் குடியிருக்கிறதா, காலி பண்ணிக்கொண்டு போய்விட்டதா என்று சொல்லிவிடுவாள். பதினோரு வருசமாக இதுதான் அவளுக்கு ஆராய்ச்சி, இதுதான் சாப்பாடும். வயிறும் வேலையும் ஒரே வழியில் போகிற பாக்கியம் எல்லாருக்கும் வாய்க்குமா?

காட்டுக்கு நடுவே ஒரு ஆறு ஓடியது. வடகரை மேடு, தென்கரை பள்ளம். மேட்டில் ஆய்வு மன்றமும், மன்றத்துப் பெரிய மனுசர்களும் இருந்தார்கள். மனுசர்கள் என்றால் மிருகங்கள்தான். ஒரு மரியாதைக்குச் சொல்கிறது. பள்ளத்தில் முயல், எலி, செதிலாத்தா என்று வளை தோண்டிப் பிழைக்கிற சனம். பள்ளத்துக்காரர் மேட்டில் குடியேற வேண்டுமானால் மன்றத்துச் சீல் வேண்டும். சீல் என்பது மன்றத் தலைவர் யானையின் வலது முன்னங்கால். உத்தரவு எழுதின இலையை ஈர மண்ணில் விரித்து ஒரு மிதி மிதிப்பார். எழுத்து பாதி தெரியாது, சீல் முழுசும் தெரியும். மன்றத்து வேலையாக வருகிறவர் பகலில் வந்து போகலாம். மூட்டையோடு சீல் இல்லாமல் ஆற்றின் குறுக்கே விழுந்து கிடக்கிற மரத்தின் மேல் ஏறி வந்தால், மறுமுனையில் நிற்கிற காட்டுப்பன்றிகள் முட்டித் திருப்பி அனுப்பும்.

அந்த வருசம் புரட்டாசியில் செதிலாத்தா தென்கரைப் புற்று நானூற்றுப் பன்னிரண்டிலும் நாக்கு விட்டுப் பார்த்தாள். முந்நூற்றுத் தொண்ணூறு காலி. கரையான்கள் ராவோடு ராவாகச் சொல்லாமல் கொள்ளாமல் மேடேறிவிட்டன. இதற்கு முன் இரண்டு தடவை இப்படி நடந்தது. இரண்டு தடவையும் ஐப்பசியில் ஆறு பெருகித் தென்கரை முழுகியது. முதல் தடவை செதிலாத்தாவின் தங்கை வளைக்குள்ளேயே போய்விட்டாள். இரண்டாம் தடவை முயல் வெள்ளச்சியின் ஆறு குட்டிகள்.

வெள்ளச்சி அடுத்த வளைக்காரி. இந்தத் தடவை அவளுக்கு ஐந்து குட்டி.

“ஏனக்கா, நாக்கு என்ன சொல்லுது?” என்று கேட்டாள்.

“மூட்டையக் கட்டச் சொல்லுது.”

“கட்டிட்டு?”

“சீல் வாங்கணும்.”

“சீலுக்கு?”

“கட்டுரை எழுதணும்.”

வெள்ளச்சி தன் குட்டிகளை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். “வெள்ளம் எப்பக்கா வரும்?”

“மாசம் பொறந்தா வந்துரும்.”

“கட்டுரை?”

செதிலாத்தா தேக்கிலை பறிக்கக் கிளம்பினாள்.

அவளுக்கு எழுதுவதில் ஒரு வழக்கம் உண்டு. புற்றடியில் எழுதுகிற இலை வேறு. அதில் எச்சிலும் மண்ணும் நசுங்கின கரையானும் ஒட்டிக் கிடக்கும். எண்ணி முடித்ததும் ஆற்றில் இறங்கிச் செதில் செதிலாகத் தேய்த்துக் குளிப்பாள். நகத்தைக் கல்லில் உரசுவாள். பிறகு, கழுவி நிழலில் காயவைத்த தேக்கிலையில் பார்த்துப் பார்த்துக் கீறி எழுதுவாள். அதுதான் சுத்தப் பிரதி. ‘அடுத்தவங்க படிக்கப் போற இலையில நம்ம எச்சில் எதுக்கு’ என்பது அவள் கட்சி.

சுத்தப் பிரதியை முதுகுச் செதிலில் செருகிக்கொண்டு மன்றத்துக்குப் போனால், அங்கே ஒரே ரகளை.

சுற்றுலா வந்த கூட்டம் ஒன்று மறந்துவிட்டுப் போன செயற்கை அறிவுப் பெட்டி ஒன்று மன்றத்து இலுப்பை மரப் பொந்தில் வந்து உட்கார்ந்திருந்தது. தலையில் வெயில் தின்கிற தகடு. எதைக் கேட்டாலும் பதில் சொல்லும். பதிலுக்கு முன்னால், “அருமையான கேள்வி கேட்டீர்கள்” என்று சொல்லும். அந்தக் காட்டில் அதுவரை யாரும் யாரையும் பார்த்து அப்படிச் சொன்னதில்லை. அதற்காகவே பாதிப் பேர் அதன் பக்கம் சாய்ந்துவிட்டார்கள்.

சாய்ந்தவர்களுக்குத் தலைவன் கீரி துடியன். “நாலு மாசம் நடந்து எண்ணறத இது நாலு நொடியில சொல்லுதுங்க. இன்னும் நாக்கையும் மூக்கையும் நம்பிட்டிருந்தா அடுத்த காட்டுக்காரன் சிரிப்பான்” என்றான்.

சாயாதவர்களுக்குத் தலைவர் முள்ளம்பன்றி முள்ளையன். பேச எழுந்தால் முள்ளும் கூட எழும். பக்கத்தில் இருப்பவர்கள் இரண்டடி தள்ளி உட்காருவார்கள். “நடக்காத காலு எதுக்கு? நினைக்காத மண்டை எதுக்கு? நாளைக்கு இதே பெட்டி நமக்குப் பதிலாத் தின்னுட்டும் வந்துரும். அப்ப வயிறு எதுக்குன்னு கேப்பீங்க!” என்றார்.

“மாமா, உங்க பேச்சு நல்லாத்தான் இருக்குது. ஆனா நீங்க கடைசியா நடந்தது எப்போ?”

“டேய், என் முள்ளு உதிர்ற வயசுகூட உனக்கு ஆகலை!”

செதிலாத்தா நடுவில் புகுந்து, “ஏனுங்க, கையில எழுதுங்க, பெட்டியில எழுதுங்க. தென்கரைப் புத்து காலியாக் கிடக்குது, யாராச்சும் ஒருத்தர் வந்து பாருங்க” என்றாள்.

“இது பொதுப் பிரச்சனையப் பேசற நேரம், அம்மிணி” என்றார் முள்ளையன். “சொந்தப் பிரச்சனைய அப்புறம் பேசலாம்” என்றான் துடியன்.

தலைவர் யானை காதை இரண்டு தடவை ஆட்டினார். “பெட்டி வேணுமா வேண்டாமாங்கறத அடுத்த கூட்டத்துல பேசிக்கலாம். இப்பைக்கு ஒரு படிவம் போட்டுருவோம்.”

படிவம் என்றதும் இரண்டு கட்சியும் கைதட்டின.

ஏற்பாடு இதுதான். கையால் எழுதினவர்களுக்கு ‘அ’ படிவம். பெட்டி எழுதினதற்கு ‘ஆ’ படிவம். எது எது என்று கண்டுபிடிக்க மோப்ப அதிகாரியாக மூஞ்சுறுவைப் போட்டார்கள். காட்டிலேயே நீளமான மூக்கு அவருக்குத்தான். அவர் உடம்பு நாற்றம் அதைவிட நீளம். பத்தடிக்கு முன்னாலேயே வந்துவிடும். பாவம், அவர் மூக்குக்கு அந்த நாற்றம் பழகிப்போய், அதைவிடக் கம்மியான வாசனை எதுவும் உறைக்காது. இதை யாரும் அவரிடம் சொன்னதில்லை. அதிகாரியிடம் எப்படிச் சொல்வது?

செதிலாத்தா ‘அ’ படிவத்தை நிரப்பிக் கட்டுரையை நீட்டினாள். மூஞ்சுறு மேலிருந்து கீழாக மோந்தார். கீழிருந்து மேலாக மோந்தார்.

“இதுல மிருக வாடையே இல்லீங்களே.”

“குளிச்சுட்டு எழுதினதுங்க.”

“ஒரு அடித்தல் இல்ல, ஒரு திருத்தல் இல்ல. கோடு போட்ட மாதிரி எழுத்து. அம்மிணி, உள்ளதச் சொல்லுங்க, பெட்டிதான எழுதுச்சு?”

“ஐயோ சாமி, நான் அந்தப் பொந்துப் பக்கம் போனதே இல்லீங்க.”

“எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க.”

செதிலாத்தாவுக்கு நேரம் போய்க்கொண்டிருந்தது. “சரிங்க, பெட்டி எழுதினதாவே இருக்கட்டும். ‘ஆ’ படிவம் குடுங்க.”

“அதுல பெட்டி கையெழுத்துப் போடணும்.”

“போடச் சொல்லுங்க.”

“பெட்டிக்குக் கை இல்லீங்க.”

செதிலாத்தாவின் முதுகு வளையத் தொடங்கியது. அலுங்குக்குக் கோபம் வந்தால் பந்தாகச் சுருண்டுகொள்ளும். சுருண்டால் வரிசை நகராது என்பதால் பின்னால் நின்ற மரநாய், “அக்கா, சுருளாதீங்க, சுருளாதீங்க” என்று கெஞ்சியது.

மூஞ்சுறு நல்ல மனசுக்காரர்தான். குரலைத் தணித்து வழி சொன்னார். “பக்கத்துக்கு மூணு அடித்தல் திருத்தல் இருந்தாப் போதும், உசுருள்ளது எழுதினதுன்னு எடுத்துக்குவோம். ஆனா ஓரஞ்சாரத்துல அடிச்சாச் செல்லாது. முக்கியமான சொல்லுல அடிச்சிருக்கணும். கொஞ்சம் வாடையும் வேணும்.”

“தப்பா எழுதி அடிக்கணுமா?”

“ஆமாங்க.”

“நான் தப்பா எழுதலையே.”

“அதுதான் அம்மிணி சிக்கலே.”

திரும்பி வருகிற வழியெல்லாம் அவளுக்கு அதே யோசனை. பொய்யை எழுதக்கூடாது என்று இருந்தவள், அடிப்பதற்காக ஒரு பொய்யை எழுதலாமா? எழுதாவிட்டால் ஐந்து குட்டி. எழுதினால் மூன்று சொல். விடிந்ததும் முடிவுக்கு வந்துவிட்டாள்.

வாடைக்காகப் புற்றடியில் போய்ப் புரள நினைத்துப் போனால், அங்கே கீரி துடியன் கூழாங்கல்லை ஒவ்வொன்றாகப் போட்டுப் புற்று எண்ணிக்கொண்டிருக்கிறான்.

“என்ன தம்பி, பெட்டி எண்ணாதா?”

துடியன் துள்ளிவிட்டான். “மெதுவாப் பேசுங்கக்கா. அது நம்ம காட்டுல ஒன்பதாயிரம் புத்துன்னு சொல்லுது. அதுல இருநூறு ஆத்துக்கு நடுவுல இருக்குதாம். நான் வந்து எண்ணிச் சரிபண்ணி, அப்புறம் பெட்டி சொல்லுச்சுன்னு எழுதறேன். வெளிய சொல்லிராதீங்க, என் பேரு கெட்டுரும்.”

“அது கிடக்கட்டும். உள்ள காலியா இருக்குதே, பாத்தியா?”

“நான் வெளிய இருந்து எண்ணறவனுங்கக்கா. உள்ள பாக்கறது வேற துறை.”

செதிலாத்தா புரண்டாள். பிறகு புது இலை எடுத்துக் கீறினாள். முக்கியமான இடம் முதல் வரிதான். ‘வடகரையில்’ என்று எழுதி, அடித்து, ‘தென்கரையில் வெள்ளம் வரும்’ என்று எழுதினாள். ‘வடகரையார்’ என்று எழுதி, அடித்து, ‘தென்கரையார் எல்லாரும்’ என்று எழுதினாள். ‘தென்கரைக்கு’ என்று எழுதி, அடித்து, ‘வடகரைக்கு மாற வேண்டும்’ என்று முடித்தாள். வாடை போய்விடும் என்று இந்தத் தடவை நகத்தைக் கல்லில் உரசவில்லை. அவள் நகமோ வளைந்த நகம். அடித்த கோடு சொல்லுக்கு நடுவில் விழாமல் சற்றுக் கீழே சாய்ந்து விழுந்தது. அவள் அதைக் கவனிக்கவில்லை. பொய் எழுதிப் பழக்கமில்லாதவர்களுக்கு அதை அடித்தும் பழக்கம் இருக்காது.

உச்சி வெயிலில் மன்றத்தை அடைந்தாள். எல்லாரும் சாப்பாட்டுக்குப் போயிருந்தார்கள். இலுப்பைப் பொந்துக்குள் மட்டும் யாரோ கிசுகிசுக்கிற சத்தம்.

“இந்தப் பெட்டிய ஏன் ஒழிச்சுக்கட்டணும்னு பத்துக் காரணம் சொல்லு. கடைசிக் காரணம் உருக்கமா இருக்கட்டும்.”

“அருமையான கேள்வி கேட்டீர்கள்” என்றது பெட்டி.

உள்ளே இருந்தவர் முள்ளையன். செதிலாத்தாவைக் கண்டதும் முள்ளெல்லாம் நட்டுக்கொண்டது. பொந்திலிருந்து வெளியே வர முடியாமல் சிக்கிக்கொண்டார். அப்படியே நின்று, “எதிரி என்ன நினைக்கறான்னு தெரிஞ்சு வெச்சுக்க வேண்டாமா அம்மிணி?” என்றார்.

“வேணுமுங்க” என்று சொல்லிவிட்டு அவள் வரிசையில் முதல் ஆளாகப் போய் நின்றாள். அடுத்தவர் மானம் அவளுக்கு எதற்கு?

இந்த முறை மூஞ்சுறு மோந்து பார்த்துத் தும்மினார். “இதுங்க எழுத்து! படிக்கறதுக்கே கஷ்டமா இருக்குது பாருங்க” என்று பாராட்டி வாங்கி வைத்தார். கட்டுரை சரியா தப்பா என்று பார்க்க இரண்டு நடுவர்களைப் போட்டார்கள். பாரபட்சம் இருக்கக்கூடாது என்பதால் பெட்டிக் கட்சியில் துடியன், கைக் கட்சியில் முள்ளையன். ஒருவர் படித்தது இன்னொருவருக்குத் தெரியக்கூடாது, தனித்தனியே படிக்க வேண்டும் என்று கட்டளை.

தனித்தனியேதான் போனார்கள். துடியன் காலையில் போனான், முள்ளையன் மத்தியானம் போனார். இரண்டு பேரும் அதே இலையைப் பெட்டிக்கு முன்னால் காட்டி, “இதுல என்ன இருக்குது, சுருக்கமாச் சொல்லு” என்றார்கள். பெட்டிக்கு அலுங்கு நகத்தைப் பற்றி என்ன தெரியும்? கீழே கோடு போட்டிருந்தால் முக்கியமான சொல் என்பதுதான் அது படித்த படிப்பு. கோடு விழுந்த மூன்று சொல்லையும் பத்திரமாக எடுத்துக்கொண்டது. பக்கத்தில் மாற்றி எழுதின சொற்களைக் கிறுக்கல் என்று தள்ளிவிட்டது.

கூட்டம் கூடிய நாளில் வெள்ளச்சியும் ஐந்து குட்டிகளும் மரப்பாலத்துத் தென்முனையில் மூட்டையோடு காத்திருந்தார்கள். தலைவர் யானை இரண்டு நடுவர்களின் இலையையும் பிரித்தார். ஒருமுறை படித்தார். கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுமுறை படித்தார்.

“இந்த ரெண்டு பேரும் இன்னைக்கு வரைக்கும் ஒரு விசயத்துல ஒத்துப் போனதில்லை. மழை பெய்யுதான்னு கேட்டாக்கூட ஒருத்தர் ஆமாம்பார், ஒருத்தர் இல்லைம்பார். இப்ப ரெண்டு பேரும் சொல்லுக்குச் சொல் ஒரே மாதிரி எழுதியிருக்காங்க. இதுக்கு மேல ஒரு உண்மை இருக்க முடியுமா?” என்று தழுதழுத்தார். பிறகு உத்தரவைப் படித்தார். “வடகரையில் வெள்ளம் வரும். வடகரையார் எல்லாரும் மூன்று நாளுக்குள் தென்கரைக்கு மாற வேண்டும்.”

சொல்லிவிட்டு ஒரே மிதி. சீல் விழுந்துவிட்டது.

செதிலாத்தா ஓடினாள். “ஐயா, அது அடிச்ச சொல்லுங்க! அடிக்காததப் படிங்க!”

துடியன் சிரித்தான். “அக்கா, அது கோடு போட்ட சொல். முக்கியமானதுக்குத்தான் கோடு போடுவாங்க. பெட்டி...” என்று தொடங்கி, நாக்கைக் கடித்துக்கொண்டு, “என் கண்ணு தப்பாப் படிக்காது” என்றான்.

முள்ளையன் தலையை ஆட்டினார். “எழுதினவங்களுக்கே புரியாத ஆழம் கையெழுத்துக்கு உண்டு, அம்மிணி. இதத்தான் நான் இத்தனை நாளாச் சொல்றேன்.”

“நான் எழுதினதுங்க! எனக்குத் தெரியாதா?”

“எழுதின ஆளு சாட்சிக்கு வரக்கூடாதுங்க, விதி இருக்குது” என்றார் மூஞ்சுறு. “திருத்தம் வேணும்னா ‘இ’ படிவம். பதினஞ்சு நாள் ஆகும்.”

“எட்டு நாள்ல மழை வந்துருமே.”

“மழைகிட்ட அவகாசம் கேட்டுப் பாருங்க.”

அவள் யானையின் காலடிக்கே போனாள். “சாமி, நீங்க அங்க போனா முழுகிப் போவீங்க” என்றாள். மூன்று தடவை சொன்னாள். மூன்று தடவையும் கூட்டக் குறிப்பில் ஏறியது: ‘கட்டுரையாளர் மகிழ்ச்சியில் உணர்ச்சிவசப்பட்டார்.’

மரப்பாலத்தைக் கடந்து தென்முனைக்கு வந்தாள்.

“என்னக்கா, சீல் கிடைச்சுதா?” என்றாள் வெள்ளச்சி.

“கிடைச்சுது. அவங்களுக்கு.”

விசயத்தைக் கேட்ட வெள்ளச்சி அப்படியே மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டாள். பாலத்து மறுமுனையைப் பார்த்துக்கொண்டே, “ஏனக்கா, காட்டுப்பன்றிகளும் வடகரையார்தான?” என்று கேட்டாள்.

செதிலாத்தா அவளைப் பார்த்தாள். பதினோரு வருச ஆராய்ச்சியில் அவளுக்கு அது தோன்றவில்லை.

“ஆமாண்டி.”

“தென்கரையார் மேட்டுக்கு வரக்கூடாதுன்னு அந்த இலையில எங்கயாச்சும் இருக்குதா?”

“நான் எழுதலை. பெட்டியும் படிக்கலை.”

மூன்றாம் நாள் மரப்பாலத்தில் ஒரே நெரிசல். மேட்டிலிருந்து யானை, முள்ளையன், பெட்டியைத் தலையில் சுமந்துகொண்டு துடியன், படிவக் கட்டோடு மூஞ்சுறு, பின்னால் காவல் பன்றிகள் எல்லாம் இறங்கி வந்தார்கள். பள்ளத்திலிருந்து முயலும் எலியும் ஏறிப் போனார்கள். பாதிப் பாலத்தில், “எங்க கிளம்பிட்டீங்க?” என்று பன்றி கேட்டது. “நீங்க இத்தனை பேர் வர்றீங்களேன்னு இடம் ஒதுக்கித் தர்றோமுங்க” என்றாள் வெள்ளச்சி. பன்றி நன்றி சொன்னது. செதிலாத்தா கடைசியாக ஒருமுறை, “போகாதீங்க சாமி” என்றாள். “உங்க கட்டுரையில உங்களுக்கே நம்பிக்கை வேணும் அம்மிணி” என்று தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார் தலைவர்.

ஐப்பசி பிறந்து மூன்றாம் நாள் மழை பிடித்தது. நான்காம் நாள் தென்கரை இல்லை, தண்ணீர்தான் இருந்தது. யானை வயிற்றளவு தண்ணீரில் நின்றார். மன்றம் முழுக்க அவர் முதுகில் ஏறிக்கொண்டது. அதில் முள்ளையனும் இருந்தார் என்பதால் யானைக்கு வெள்ளத்தைப் பற்றி நினைக்க நேரமில்லை. மூஞ்சுறு யானையின் காதுக்குள் படிவங்களை நனையாமல் வைத்துக் காத்தார். துடியன் கையிலிருந்த பெட்டியை மெதுவாகக் கேட்டான்: “இந்தத் தண்ணி எப்ப வடியும்?”

“அருமையான கேள்வி கேட்டீர்கள்” என்றது பெட்டி. “தென்கரையில் வெள்ளம் வராது. அறிஞர்கள் இருவர் தனித்தனியே ஆராய்ந்து உறுதி செய்திருக்கிறார்கள்.”

“யாரு அந்த ரெண்டு பேரு?” என்று யானை கேட்டார். பதிலாக முதுகில் ஒரே ஒரு முள் மட்டும் இன்னும் கொஞ்சம் இறங்கியது.

மூன்று நாள் கழித்துத் தண்ணீர் வடிந்தது. உடம்பெல்லாம் சேறாக மன்றத்தார் மரப்பாலத்தில் ஏறி வந்தார்கள். வடமுனையில் வெள்ளச்சி நின்றாள். பின்னால் ஐந்து குட்டிகள், ஐந்தும் உலர்ந்து இருந்தன.

“வாங்க வாங்க. சீல் வெச்ச உத்தரவு இருக்குதுங்களா?”

யானை தன் காலைப் பார்த்தார். “இதுதான் அம்மிணி சீல்.”

“அது சரிங்க. இலை?”

‘அ’ படிவம் நிரப்பி, பக்கத்துக்கு மூன்று அடித்தலோடு விண்ணப்பம் கொடுத்த பிறகுதான் உள்ளே வந்தார்கள். மோந்து பார்க்கத் தேவை இருக்கவில்லை.

விசாரணை நடந்தது. தென்கரைச் சனம் ஒருத்தர்கூடச் சாகாமல் தப்பியது எப்படி என்று துடியன் ஒரு கட்டுரை எழுதினான்: பெட்டிதான் காப்பாற்றியது. முள்ளையன் ஒரு கட்டுரை எழுதினார்: கையெழுத்துதான் காப்பாற்றியது. இரண்டும் சுத்தமாக, வாடையில்லாமல், ‘அருமையான கேள்வி’ என்று தொடங்கின. இரண்டையும் படித்துப் பார்க்கச் சொல்லி செதிலாத்தாவிடம் அனுப்பினார்கள். அவள் ஆற்றுக்குப் போய்க் குளித்துவிட்டு வந்து, இரண்டையும் முழுக்கப் படித்த ஒரே ஆளாக, நல்ல எழுத்தில் ஓரத்தில் ஒரு வரி எழுதித் திருப்பி அனுப்பினாள்: ‘அடித்தல் திருத்தல் போதாது.’

நீதி: உண்மையை எழுதினால் மட்டும் போதாது. அதற்கு முன்னால் ஒரு பொய்யை எழுதிக் கோணலாக அடித்தும் வைக்க வேண்டும். ஊர் பிழைப்பது அந்தக் கோணலில்தான்.